பாட்டி ஏன் விழுகிறார்? வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் அறிவியல்

ஒரே வீடு, ஒரே குளியலறை, ஒரே ஈரத் தரை. 15 வயதுப் பேரன் அதில் வழுக்கினால் ஒரு தடுமாற்றத்தோடு சமாளித்துக்கொள்வான். 75 வயதுப் பாட்டி வழுக்கினால் இடுப்பு எலும்பு முறியலாம்; அதன்பின் பல மாதங்கள் அவரால் தனியாக நடக்க முடியாமல் போகலாம். ஏன் இந்த வேறுபாடு?

“வயதாகிவிட்டது, அதனால் விழுந்துவிட்டார்” என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மைதான். விழுவதில் உடலுக்கு ஒரு பங்கு இருப்பதுபோல வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. வயதைக் குறைக்க நம்மால் முடியாது. வீட்டை மாற்ற முடியும். எதை மாற்ற வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க, பள்ளியில் நீங்கள் படிக்கும் இயற்பியலும் உயிரியலுமே போதும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, கீழே விழுவதால் ஆண்டுதோறும் 684,000 பேர் உயிரிழக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் ஏற்படும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். சிங்கப்பூரில் 2030ஆம் ஆண்டுவாக்கில் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடையவராக இருப்பார். எனவே இது நம் எல்லார் வீட்டுக்கும் உரிய பாடம்.

நடப்பது எளிதான வேலையா?

நாம் நேராக நிற்கும்போது நம் உடலின் ஈர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அந்தப் புள்ளியிலிருந்து தரையை நோக்கி ஒரு செங்குத்துக் கோடு வரைந்தால், அது இரண்டு பாதங்களும் சூழ்ந்த பரப்புக்குள் விழ வேண்டும். கோடு அந்தப் பரப்பைத் தாண்டினால் உடல் சாயத் தொடங்கும்.

நடக்கும்போது நிலைமை இன்னும் சிக்கலாகிறது. நடக்கும் நேரத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டில் நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம்! ஒவ்வோர் அடியிலும் உடல் முன்னோக்கிச் சாய்கிறது. விழுவதற்குள் அடுத்த கால் வந்து தாங்குகிறது.

இன்னொரு வியப்பும் உண்டு. முன்னே வீசும் காலின் நுனி, தரைக்கு மேல் 1 முதல் 2 சென்டிமீட்டர் உயரத்தில்தான் கடந்து செல்கிறது. மூத்தோர் காலை இழுத்து நடக்கும்போது அந்த இடைவெளி மேலும் குறையலாம். மடங்கிய கால்மிதியின் விளிம்பு, தரையில் கிடக்கும் கைப்பேசி மின்னூட்டக் கம்பி, குளியலறை வாசலில் உள்ள சிறு தடுப்பு ஆகியவை நமக்குக் கண்ணில்கூடப் படாது. ஆனால் 1 சென்டிமீட்டர் கணக்கில் அவை மலைகள்.

சமநிலையின் மூன்று காவலர்கள்

உடல் சாய்கிறது என்பதை மூளைக்கு மூன்று உறுப்பு மண்டலங்கள் தெரிவிக்கின்றன.

முதலாவது கண். சுவர், கதவு, தரை ஆகியவற்றைப் பார்த்து எது நேர், எது சாய்வு என்பதை அது சொல்கிறது. இரண்டாவது உட்காது. அங்குள்ள மூன்று அரைவட்டக் குழாய்களில் திரவம் இருக்கிறது. தலை திரும்பும்போது அந்தத் திரவம் நுண்ணிய மயிரணுக்களை வளைக்கிறது. அவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூன்றாவது, பாதம், தசை, மூட்டு ஆகியவற்றில் உள்ள உணர்விகள். எந்தக் காலில் எவ்வளவு எடை இருக்கிறது, முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதை நாம் பார்க்காமலேயே அறிவது இவற்றால்தான்.

இதை நீங்களே சோதிக்கலாம். உறுதியான மேசைக்கு அருகில் நின்று ஒரு காலைத் தூக்குங்கள். 30 விநாடி நிற்பது பெரும்பாலான மாணவர்களுக்கு எளிது. இப்போது கண்களை மூடிக்கொண்டு முயலுங்கள். சில விநாடிகளிலேயே உடல் ஆடத் தொடங்கும். மூன்று காவலர்களில் ஒருவர் மட்டுமே விடுப்பில் சென்றதன் விளைவு இது. (இந்தச் சோதனையைத் தாத்தா பாட்டியைச் செய்யச் சொல்லாதீர்கள்.)

வயது ஏற ஏற மூன்று காவலர்களும் ஒன்றாகவே தளர்கிறார்கள். கண்ணின் பாவை சிறுத்து, வில்லை மஞ்சளாகிறது. 20 வயதில் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் எட்டுகிறது. உட்காதின் மயிரணுக்கள் குறைகின்றன. நீரிழிவு நோய் உள்ள சிலருக்குப் பாதத்தின் உணர்வு மரத்துப்போகிறது.

அரை விநாடிப் போட்டி

வழுக்கிய பிறகு எவ்வளவு நேரம் கிடைக்கும்? ஒருவரின் இடுப்பு தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பொருள் அந்த உயரத்திலிருந்து தடையின்றி விழ 0.4 விநாடிதான் ஆகும். மனித உடல் வெட்டிய மரம்போலச் சுழன்று விழுவதால் சற்றுக் கூடுதல் நேரம் கிடைக்கும். அதற்குள் காவலர்கள் செய்தி அனுப்பி, மூளை முடிவெடுத்து, கால் தசைகள் விரைந்து சுருங்கி, ஒரு காலைச் சரியான இடத்தில் ஊன்ற வேண்டும்.

உங்கள் வேகத்தை அளக்க 30 சென்டிமீட்டர் அடிக்கோல் போதும். நண்பர் அதைச் செங்குத்தாகப் பிடிக்கட்டும். சுழி எண்ணுக்கு இருபுறமும் உங்கள் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தொடாமல் வைத்திருங்கள். அவர் சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் 0.20 விநாடி. அடிக்கோல் முழுவதுமாக நழுவிவிட்டால் 0.25 விநாடியைத் தாண்டிவிட்டது என்று பொருள். தாத்தாவை நாற்காலியில் உட்கார வைத்து இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். இருவரின் அளவையும் ஒப்பிட்டால் போட்டியில் யார் முந்துகிறார் என்பது தெரியும்.

தசையின் கதையும் இதில் சேர்கிறது. 30 வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பத்தாண்டிலும் 3 முதல் 8 விழுக்காடு தசை குறைகிறது. 60க்குப் பிறகு இந்த இழப்பு இன்னும் விரைவாகிறது. அதிலும், சட்டென்று சுருங்கும் வேகத் தசை இழைகளே அதிகம் மெலிகின்றன. தடுமாறும்போது நமக்குத் தேவைப்படுவது அதே இழைகள்தான்.

போட்டியில் தோற்றால் என்ன ஆகும்? 50 கிலோ எடையுள்ள உடலின் ஈர்ப்பு மையம் 0.8 மீட்டர் கீழிறங்கினால் வெளிப்படும் ஆற்றல்: 50 × 9.8 × 0.8 = 392 ஜூல். ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தை 40 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது வீவக புளோக்கின் ஏறத்தாழ 14 மாடி உயரத்திலிருந்து போட்டால் கிடைக்கும் ஆற்றலும் அதேதான். பக்கவாட்டில் விழும்போது அதில் பெரும்பங்கு இடுப்பின் ஒரு சிறு பகுதியில் இறங்குகிறது. எலும்புத் தேய்மானத்தால் உள்ளே பஞ்சுபோல் துளைகள் பெருகிய எலும்பு அதைத் தாங்குவது கடினம்.

ஈரத் தரையின் கணக்கு

நடக்கும்போது நம் குதிகால் தரையைக் கீழ்நோக்கி அழுத்துவதோடு முன்னோக்கியும் தள்ளுகிறது. உராய்வு விசை அந்தத் தள்ளலை எதிர்ப்பதால்தான் பாதம் நழுவாமல் நிற்கிறது. சமதளத்தில் இயல்பாக நடக்க, உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.2 இருந்தாலே போதும். காய்ந்த தரையில் இது எளிதில் கிடைத்துவிடும். தரையில் நீரும் சோப்பும் சேரும்போது பாதத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய திரவப் படலம் உருவாகிறது. பாதம் தரையைத் தொடாமல் அந்தப் படலத்தின்மேல் மிதக்கிறது. குணகம் தேவையான அளவுக்குக் கீழே போய்விடுகிறது.

இதையும் அளக்கலாம். ஒரு காலணிக்குள் எடைக்கல் வைத்து, காலணியும் கல்லும் சேர்ந்து எவ்வளவு எடை என்பதைச் சுருள்வில் தராசில் பாருங்கள். பிறகு காலணியைத் தரையில் வைத்து, அதே தராசால் கிடைமட்டமாக இழுங்கள். காலணி நகரத் தொடங்கும்போது தராசு காட்டும் விசையை மொத்த எடையால் வகுத்தால் உராய்வுக் குணகம் கிடைக்கும். எடை 10 நியூட்டன், இழுத்த விசை 6 நியூட்டன் என்றால் குணகம் 0.6. காய்ந்த தரை, ஈரத் தரை, சோப்பு நீர் படிந்த தரை என்று மூன்று முறை செய்து பாருங்கள். அடிப்பாகம் தேய்ந்த பழைய செருப்பையும் சோதியுங்கள். சோதனை முடிந்ததும் தரையை நன்றாகத் துடைத்துவிட மறக்காதீர்கள்!

ஈரத் தரையில் நாம் எல்லாரும் தானாகவே சிற்றடி வைத்து நடக்கிறோம். அதற்கும் காரணம் இருக்கிறது. அடி சிறிதானால் கால் தரைக்குக் கூடுதல் செங்குத்தாக இறங்குகிறது. முன்னோக்கித் தள்ளும் விசை குறைகிறது. குறைந்த உராய்வே போதுமானதாகிறது.

வழுக்கும் இடம் குளியலறை மட்டுமன்று. பூசை அலமாரிக்கு முன்னால் சிந்திய விளக்கெண்ணெய், அடுப்பங்கரையில் தெறித்த தாளிப்பு எண்ணெய், காய்ந்த சோப்புக் கறை எல்லாம் அதே வேலையைத்தான் செய்கின்றன. வழுக்காத வகைத் தரை ஓடாக இருந்தாலும், அதன் நுண்ணிய மேடுபள்ளங்களைச் சோப்புக் கறை நிரப்பிவிட்டால் பயன் குறைந்துவிடும்.

கைப்பிடி எப்படிக் காப்பாற்றுகிறது?

50 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் 5 பாகை சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவரது ஈர்ப்பு மையம் 0.9 மீட்டர் உயரத்தில் இருந்தால், அவரைக் கவிழ்க்கும் திருப்புவிசை ஏறத்தாழ 38 நியூட்டன் மீட்டர். தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் ஒரு கைப்பிடி இருந்தால், அதை 38 நியூட்டன் விசையுடன் பிடித்திழுத்தாலே உடல் நின்றுவிடும். ஏறத்தாழ 4 கிலோ அரிசிப் பையைத் தூக்கும் விசை அது. பாட்டியாலும் முடியும்.

அதே உடல் 30 பாகை சாய்ந்த பிறகு கைப்பிடியை எட்டினால், ஏறத்தாழ 220 நியூட்டன் விசை வேண்டும். அது 22 கிலோவுக்குச் சமம். உடல் சாய்ந்து வரும் வேகத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். அந்த நிலையில் பிடி நழுவிவிடும்.

இதிலிருந்து ஒரு முக்கிய விதி கிடைக்கிறது. கைப்பிடி வீட்டில் எங்கோ இருந்தால் போதாது. தடுமாறும் அந்த நொடியில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குளிக்கும் இடம், கழிப்பறை இருக்கையின் பக்கம், குளியலறை வாசல் ஆகியவை முதலிடம் பெறுவது இதனால்தான். கை முழுமையாகச் சுற்றிப் பிடிக்கும் அளவில், ஏறத்தாழ 3 முதல் 4 சென்டிமீட்டர் தடிமனில் கம்பி இருப்பது நல்லது.

துண்டு தொங்கவிடும் கம்பியைக் கைப்பிடியாகப் பயன்படுத்துவது ஆபத்து. ஈரத்துண்டின் எடையைத் தாங்கத்தான் அதன் திருகாணிகள் பொருத்தப்பட்டிருக்கும். உறிஞ்சிப் பிடிக்கும் வகைக் கைப்பிடிகளும் எப்போது கழன்று வரும் என்று சொல்ல முடியாது. சுவரில் துளையிட்டுப் பொருத்தும் கைப்பிடியே நம்பகமானது.

நள்ளிரவு நடை

படுக்கையிலிருந்து கழிப்பறைவரை உள்ள சில அடித் தூரத்தில் இரண்டு சிக்கல்கள் ஒன்றாகச் சேர்கின்றன.

முதல் சிக்கல் இரத்தம். படுத்திருந்தவர் எழுந்து நிற்கும்போது, ஈர்ப்பு விசையால் அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் உடலின் கீழ்ப்பகுதிக்கு இறங்குகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தம் குறையாதபடி, கழுத்துத் தமனிகளில் உள்ள அழுத்த உணர்விகள் உடனே இதயத்தை விரைவுபடுத்தி இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. மூத்தோருக்கு இந்தச் செயல் மெதுவாக நடக்கிறது. இரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை போன்றவை அதை மேலும் தாமதப்படுத்தக்கூடும். தலை சுற்றுகிறது. அதனால் எழுந்தவுடன் நடக்காமல், கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை அசைத்துவிட்டு எழுவது நல்லது. மாத்திரையால் மயக்கம் வருவதாகத் தோன்றினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்திவிடக் கூடாது.

இரண்டாவது சிக்கல் இருள். கண் இருளுக்கு முழுமையாகப் பழக ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். மூத்தோருக்கு இன்னும் அதிகம். குளியலறையின் பளிச்சென்ற விளக்கை அணைத்துவிட்டு இருட்டு அறைக்குத் திரும்புபவர், சிறிது நேரம் எதையும் பார்க்க முடியாமல்தான் நடக்கிறார். ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் சிறு விளக்கை, தரைக்கு அருகில், போகும் வழியெங்கும் பொருத்தினால் இதைத் தவிர்க்கலாம்.

வண்ண வேறுபாடும் உதவும். வெள்ளைத் தரையில் வெள்ளைத் தடுப்பு இருந்தால் மங்கிய கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தடுப்பின் விளிம்பில் அடர்நிற ஒட்டுநாடா ஒட்டினால் அது உடனே தனித்துத் தெரியும். ஆகும் செலவு சில வெள்ளிதான்.

“பாட்டி, நீங்க உட்காருங்க” என்பது சரியா?

ஒருமுறை விழுந்தவரை நடக்கவே விடாமல் பார்த்துக்கொள்வது பல வீடுகளில் நடக்கிறது. அது அன்பினால் செய்யப்படுவதுதான். ஆனால் உடலின் கணக்கு வேறு. ஆரோக்கியமான மூத்தோர் 10 நாள் படுக்கையிலேயே இருந்த ஓர் ஆய்வில், அவர்களின் கால்களில் ஏறத்தாழ 1 கிலோ தசை குறைந்தது. நடை குறைந்தால் தசை குறையும். தசை குறைந்தால் விழும் வாய்ப்பு கூடும். விழுந்தால் பயம் கூடி நடை இன்னும் குறையும். இந்தச் சுழலை உடைக்க வேண்டும்.

இதற்குச் சான்றும் உண்டு. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2023ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, வீட்டில் உள்ள ஆபத்துகளைக் களைந்தபோது மூத்தோர் விழும் எண்ணிக்கை 26 விழுக்காடு குறைந்தது. ஏற்கெனவே விழுந்தவர்கள் போன்ற கூடுதல் ஆபத்தில் இருப்போரிடம் அது 38 விழுக்காடு. 2019ல் வெளியான மற்றொரு தொகுப்பு, உடற்பயிற்சி விழுதலை 23 விழுக்காடு குறைத்ததாகக் காட்டியது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, தைச்சி போன்றவை காலுக்கு வலுவும் உடலுக்குச் சமநிலையும் தருபவை. வீட்டைச் சீராக்குவதன் நோக்கம் பாட்டியை உட்கார வைப்பதன்று, அவர் அச்சமின்றி நடப்பதே.

சிங்கப்பூரில் கிடைக்கும் உதவி

வீவக வீடுகளில் வசிக்கும் மூத்தோருக்காக 2012 முதல் ‘ஈஸ்’ திட்டம் நடப்பில் உள்ளது. குளியலறைத் தரையின் வழுக்கலைக் குறைப்பது, கைப்பிடிகள், சாய்வுத் தளம் போன்ற வசதிகளுக்கு, வீட்டு வகையைப் பொறுத்து, செலவில் 95 விழுக்காடு வரை அரசாங்கம் ஏற்கிறது. 2024 முதல் மடக்கக்கூடிய குளியல் இருக்கை போன்ற கூடுதல் வசதிகளும் சேர்க்கப்பட்டுள்ளன. உங்கள் வீட்டில் இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால், வீவக இணையத்தளத்தில் விவரம் பார்த்து விண்ணப்பிக்கப் பெரியவர்களுக்கு நீங்கள் உதவலாம்.

இந்த வார இறுதியில் நீங்கள் செய்யக்கூடியவை

1. முதலில் கேளுங்கள். “பாட்டி, ராத்திரி எழுந்து போகும்போது எங்கே கைவெச்சுப் பிடிச்சுக்கிறீங்க?” என்ற ஒரு கேள்வி பல செய்திகளைத் தரும். சுவரில் கைபட்டு அழுக்கான இடங்களையும் பாருங்கள். கைப்பிடி தேவைப்படும் இடத்தை அவை காட்டிக்கொடுக்கும்.

2. படுக்கை முதல் கழிப்பறைவரை நடந்து, காலில் தட்டக்கூடிய எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மின்கம்பிகளைச் சுவரோரம் ஒதுக்குங்கள். நழுவும் கால்மிதிகளை எடுத்துவிடுங்கள், அல்லது அடியில் ரப்பர் உள்ளதாக மாற்றுங்கள்.

3. தினமும் பயன்படுத்தும் டப்பாக்களை மேல் அலமாரியிலிருந்து இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள். தீபாவளிக்குத் தோரணம் கட்டுவது, மின்விளக்கு மாற்றுவது போன்று முக்காலியில் ஏறும் வேலைகளை இளையவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

4. தரையில் புரளும் சேலை, நீளமான கைலி, தேய்ந்த செருப்பு ஆகியவற்றைப் பற்றி மென்மையாகப் பேசுங்கள்.

5. மிகத் தாழ்ந்த சோபாவுக்குப் பதிலாக, கைவைத்த உயரமான நாற்காலியைப் பாட்டியின் இடமாக்குங்கள். இருக்கை தாழ்வாக இருக்க இருக்க, எழுவதற்கு முழங்காலில் கூடுதல் விசை தேவைப்படும்.

6. பொருள்களை அவரைக் கேட்காமல் இடம் மாற்றாதீர்கள். பழகிய வழியை இருளிலும் அவர் கால் அறியும். திடீரென்று மாறிய மேசையே புதுத் தடையாகிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் விழுந்துவிட்டால், பதற்றத்தில் உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். பேசுகிறாரா, எங்கே வலிக்கிறது, தலையில் அடிபட்டதா என்று முதலில் பாருங்கள். எழ முடியாத வலி இருந்தாலோ, ஒரு கால் குட்டையாகவோ திரும்பியோ தெரிந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ அவரை அசைக்காமல் 995ஐ அழையுங்கள். காயம் இல்லாவிட்டாலும், விழுந்த செய்தியை அடுத்த மருத்துவச் சந்திப்பில் சொல்லச் சொல்லுங்கள். திட்டுவார்களோ, நடக்க விடமாட்டார்களோ என்று பல மூத்தோர் விழுந்ததை மறைத்துவிடுகிறார்கள். அவர் உங்களிடம் தயங்காமல் சொன்னால்தான், அடுத்த முறை விழாமலிருக்க எதை மாற்ற வேண்டும் என்பது வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும்.